கூட்டம் நடக்கிற இடம்

இலுப்பூர்,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மருமகள் தேவிப்ரியாவுக்கு மாமா பழனிச்சாமி எழுதுவது. நானும் உன் அத்தை உண்ணாமலையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். திருப்பூரில் நீயும் பேரன் கவியரசனும் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று அத்தை தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் போய் மாமா கடிதம் எழுதுகிறாரே என்று உனக்குச் சிரிப்பு வரலாம். போன் செய்தால் உன் அண்ணன்தான் எடுக்கிறார். “தங்கச்சி கம்பெனிக்குப் போயிருக்கு” என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை செய்தாலும் நீ கம்பெனிக்குத்தான் போயிருக்கிறாய். அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர் இடத்தில் நான் இருந்தால் அந்த மரியாதையைக்கூடக் கொடுத்திருக்க மாட்டேன். அதுவும் போக, என் குரல் உனக்குத் தெரியும். ரகசியம் பேசினால்கூட அடுத்த ஸ்டாப்பிங் வரைக்கும் கேட்கும். கண்டக்டர் வேலையில் இருந்த காலமெல்லாம் இலுப்பூர் வண்டியில் கத்தியே வளர்ந்த தொண்டை. எழுத்தில் என்றால் கொஞ்சம் அடங்கி இருப்பேன் என்று பேனாவை எடுத்தேன்.

என் மகன் சூர்யா விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பிய அன்று வாசலில் என்னிடம் ஒன்று சொன்னாய். “மாமா, திருக்கோகர்ணத்துல வாரா வாரம் குடிய விட்டவங்க கூட்டம் நடக்குதாம். சிகிச்சை முடிஞ்சு வந்தப்பவே ஷர்லி மேடம் சொல்லி விட்டாங்க. நான் சொன்னா அவரு கேக்கல. நீங்களாச்சும் கூட்டிட்டுப் போங்க” என்றாய். திருச்சி குடிமீட்பு மையத்தில் அவனுக்குப் புத்தி சொன்ன அந்த ஷர்லி மேடத்தை எனக்கு அப்போதெல்லாம் பிடிக்காது. நம் வீட்டு விஷயத்தைப் பத்துப் பேர் முன்னால் போய்ப் பேசச் சொல்கிறாளே என்று எரிச்சலாக இருக்கும். அன்றைக்கும் உனக்குப் பதில் சொல்லாமல் கவியரசனின் பள்ளிக்கூடப் பையை ஆட்டோவில் வைத்தேன். ஆட்டோ தெரு திரும்பிய பிறகுதான் ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

கருப்பர் கோயில் படையலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. அவன் குடியை விட்டால் கிடா வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டவன் நான். சிகிச்சை முடிந்து வந்து அவன் தை, மாசி, பங்குனி என்று ஒழுங்காகக் கடை திறந்து, ஊர் மோட்டார்களுக்கெல்லாம் காயில் கட்டிக்கொண்டிருந்தான். கை நடுக்கம் நின்றிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வைகாசியில் பங்காளிகளை எல்லாம் கூப்பிட்டுக் கிடாவை வெட்டினேன். இலை போட்டு, சுருட்டு வைத்து, வழக்கம்போல பாட்டிலும் வைத்தாயிற்று. வீட்டின் தலைப்பிள்ளைதான் மூடியைத் திறந்து சாமிக்கு ஊற்ற வேண்டும், முதல் பிரசாதமும் அவன் கைக்குத்தான் வரும். குடியை விட்டதற்கு நன்றி சொல்லப் போன இடத்தில், அதே கையில் அதே பாட்டிலைக் கொடுத்தோம். இதை வேற்றூர்க்காரன் யாரிடமாவது சொன்னால் காறித் துப்புவான்.

நீ மட்டும்தான் சொன்னாய். பொங்கல் பானைப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, “மாமா, இந்த ஒரு தடவை பாட்டில் வேணாம், பானகம் கரைச்சு வச்சிருவோம், சாமி கோவிச்சுக்காது” என்று மெதுவாகத்தான் சொன்னாய். நான் ஊருக்கே கேட்கிற மாதிரி, சாமிக்கு என்ன வைப்பது என்று நேற்று வந்த பிள்ளை சொல்லித் தர வேண்டாம் என்றேன். பூசாரி ராக்கன், “ஒரு சொட்டுதானே, பிரசாதம்” என்று சூர்யாவின் உள்ளங்கையில் ஊற்றினான். குடிக்கும் முன்னால் அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அதற்கு அப்புறம் நீ பிள்ளையோடு கிளம்புகிற வரைக்கும் நடந்ததெல்லாம் நீ பார்த்ததுதான்.

போன வாரம் அந்தக் கூட்டத்தைத் தேடி நான் மட்டும் புதுக்கோட்டைக்குப் போனேன். அவனிடம் சொல்லவில்லை. இடத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு பிறகு கூப்பிடலாம் என்று எண்ணம். புது பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் மாறித் திருக்கோகர்ணத்தில் இறங்கினேன். கோயிலைச் சுற்றி வந்தேன், பின்னால் உள்ள தெருக்களில் நடந்தேன். எந்தச் சுவரிலும் போர்டு இல்லை. இந்த மாவட்டத்தில் எந்தச் சந்து பொந்தைக் கேட்டாலும் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்கிறவன், ஒரு அறையைக் கண்டுபிடிக்க முடியாமல் வெயிலில் நின்றேன். பொறுமை போய்விட்டது. டீக்கடையில் போய், “குடிகாரங்க கூட்டம் எங்கப்பா நடக்குது” என்று கேட்டுவிட்டேன். எந்தக் குரலில் கேட்டிருப்பேன் என்று நீயே நினைத்துப் பார்த்துக்கொள்.

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். ஒரு ஆட்டோக்காரன், “அது தெனமும் நடக்குது பெரியவரே, அங்கிட்டுப் போயி ரைட்டுல திரும்புங்க, பச்சை போர்டு தெரியும்” என்று மதுக்கடைக்கு வழி காட்டினான். சிரித்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என்னோடு வண்டி ஓட்டின அன்னவாசல் டிரைவர் ரெங்கராஜ் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். “என்னண்ணே, ரிட்டயர்டு ஆனதுக்கு அப்புறம் பழகிட்டீங்களா?” என்றான். எனக்கு மானம் தாங்கவில்லை. “எனக்கில்லடா, எம் மகனுக்கு” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்.

நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. சூர்யா கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றான். “ஏப்பா, ரேடியோ செட்டு கட்டிச் சொல்லியிருக்கலாமே” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்படியே வெளியே போனான். எப்படித் திரும்பி வந்தான் என்று எழுதவில்லை, உனக்குத் தெரியும். உன் அத்தை என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

நேற்று வெட்கத்தை விட்டு ஷர்லி மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா திட்டவில்லை. “போர்டு இல்லாததுக்குக் காரணமே அதுதாங்க ஐயா. பேரு வெளிய போகாதுன்னு நம்பித்தான் அங்க வர்றாங்க” என்றார்கள். ஒரு நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பரில் பேசினவர் தன் பேரைச் சொல்லவில்லை, என் பேரையும் கேட்கவில்லை. உங்களுக்கா, வீட்டில் வேறு யாருக்காவதா என்று மட்டும் கேட்டார். மகனை இந்தச் சனிக்கிழமையே இழுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். “நீங்க இழுத்துட்டு வர வேணாங்க. நம்பரக் குடுங்க, எடத்தச் சொல்லுங்க. அவரா வரணும்” என்றார். வாழ்நாள் முழுக்க “உள்ள போ, உள்ள போ” என்று ஆட்களைத் தள்ளி ஏற்றினவனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்.

அவனிடம் நம்பரையும் இடத்தையும் எழுதிக் கொடுத்தேன். மெதுவாகத்தான் பேசினேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கவியரசனுக்கு இருமல் நின்றதா? அங்கே சாயப்பட்டறைத் தண்ணீரைக் குடிக்கவிடாதே. பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இப்படிக்கு,
மாமா பழனிச்சாமி.


இலுப்பூர்,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகள் தேவிப்ரியாவுக்கு மாமா எழுதுவது. உன் பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தேதான் எழுதினேன், அதனால் இதையும் எழுதுகிறேன். இங்கே இரண்டு நல்ல மழை பெய்திருக்கிறது. நீ வைத்துவிட்டுப் போன முருங்கைக் கொம்பு துளிர்த்திருக்கிறது. உன் அத்தை என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள், முன்னைவிடக் கூடுதலாகவே பேசுகிறாள்.

நேற்றுக் காலை சூர்யா பல் தேய்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றான். வாயில் நுரையோடு, “அப்பா, அந்த எடத்துக்கு எந்த பஸ்ல போகணும்?” என்றான்.

அவன் பள்ளிக்கூடம் போன காலத்துக்கு அப்புறம் என்னிடம் பஸ் கேட்டதே இல்லை. எனக்கு வந்த வேகத்தில் வேட்டியை மடித்துக்கட்டி இப்போதே கிளம்பு என்றிருப்பேன். நல்ல வேளை, உன் அத்தை அடுப்பங்கரையிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். நாலு மணி வண்டி ஏறினால் நேரத்துக்குப் போய்விடலாம் என்று மட்டும் சொன்னேன். கூட வரட்டுமா என்று கேட்டேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, கேட் வரைக்கும் வா என்றான்.

டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். திருக்கோகர்ணத்தில் இறங்கி, அந்த டீக்கடையைத் தாண்டும்போது நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். நானா இவனைச் சிரிக்க வைத்தேன் என்று எனக்கே ஆச்சரியம். இடம் ஒரு பள்ளிக்கூடம். பின்பக்கம் சின்ன கேட், அதற்குள் ஒரு வகுப்பறையில் மட்டும் லைட். போன தடவை அந்தச் சுவரை ஒட்டித்தான் நான் நடந்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் பெரிய ஆட்கள் முழங்காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. அது யார் என்று உனக்கு மட்டும் இல்லை, உன் அத்தைக்கும் சொல்லமாட்டேன். பஸ்ஸில் என்னிடம் எத்தனையோ தடவை டிக்கெட் எடுத்த மனுஷர், பாவம், என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். நான் கேட்டிலிருந்தே கும்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சூர்யா கேட்டில் நின்றுவிட்டான். உள்ளே போவதா வேண்டாமா என்று செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே நின்றான். முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளிவிடலாம் என்று என் கை துடித்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். படையல் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தான் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா, நேற்றும் அதே மாதிரி பார்த்தான். இந்தத் தடவை நான் தலையை ஆட்டவில்லை. அவனாகத்தான் போனான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். அவன் விடவில்லை. போன வாரம்கூட அவனை மதுக்கடையிலிருந்து கைத்தாங்கலாகத்தான் கொண்டுவந்தோம். நேற்றுப் போனான், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை போவானா என்று தெரியாது. நடுவில் குடித்துவிட்டால் அடிக்கலாமா, கதவைப் பூட்டலாமா என்று அந்தப் பேர் சொல்லாதவரிடம் போனில் கேட்டேன். “குடிச்சாலும் அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. பேசாம உக்காந்திருந்தாலே போதும்” என்றார். அவரே பல தடவை விழுந்து எழுந்தவராம்.

கவியரசனுக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் எப்படிப் போகிறது? அவன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். துருப்பிடிக்கக் கூடாதே என்று போட்டேன், வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
மாமா பழனிச்சாமி.


இலுப்பூர்,
ஐப்பசி மாதம், திங்கட்கிழமை.

என் தாயி தேவிப்ரியாவுக்கு,

முதலில் உனக்குப் பெரிய கும்பிடு. போன ஞாயிற்றுக்கிழமை கவியரசன் போன் செய்தான். நீதான் போட்டுக் கொடுத்திருப்பாய். “தாத்தா, மெதுவாப் பேசுங்க, காது வலிக்குது” என்றான். சூர்யாவிடம் கொடுத்தேன். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சரி சாமி, சரி சாமி என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கடையில் போய் உட்கார்ந்து ரொம்ப நேரம் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். கம்பி ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

உண்மையை எழுதிவிடுகிறேன். புரட்டாசியில் இரண்டு வாரம் அவன் கூட்டத்துக்குப் போகவில்லை. மறுபடியும் பழைய கதைதான். அவள் இல்லாத வீட்டில் நான் எதற்காகத் திருந்த வேண்டும் என்று அழுதான். அடுத்த வாரம் முகம் வீங்கிப்போய் எழுந்து, சட்டையை மாற்றிக்கொண்டு நாலு மணி வண்டிக்குப் போனான். இப்போது என்னை கேட் வரைக்கும்கூட கூப்பிடுவதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம், நிறைய சந்தோஷம்.

மாதக் கடைசிக் கூட்டத்துக்கு மட்டும் குடும்பத்து ஆட்களும் வரலாம். சூர்யா எங்களைக் கூப்பிட்டான். நானும் உன் அத்தையும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒவ்வொருவராக எழுந்து பேரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்கிறார்கள். எவனோ ஒருவன் அதைச் சொல்லும்போது கேட்டுவிடலாம். பெற்ற பிள்ளை எழுந்து நின்று, என் பேரு சூர்யபிரகாஷ் என்று ஆரம்பித்ததும் உன் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவன் பேசினான். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் அவன் பேசினதை எழுதமாட்டேன். என் வாயிலிருந்து இந்த ஒரு விஷயமாவது வெளியே போகாமல் நிற்கட்டும். உன் பேர் ஒரு தடவை வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். என்னைப் பற்றியும் வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் திட்டவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் உன் அத்தையை எலுமிச்சம்பழமும் வெல்லமும் எடுக்கச் சொன்னேன். ஏலக்காய், சுக்கு தட்டிப் போட்டு ஒரு குடம் பானகம் கரைத்தாள். நீ கரைத்தால் இனிப்பு அளவாக இருக்கும், இவள் கொஞ்சம் கூடப் போட்டுவிட்டாள். தோளில் வைத்துக் கருப்பர் கோயிலுக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். ராக்கன் பார்த்துவிட்டு, “என்ன மாமா இது, கருப்பருக்குப் போயி பானகமா?” என்றான். பங்காளிகள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். குலத்துக்கு ஆகாது என்றார்கள். இனி என் வீட்டுப் படையலில் பானகம்தான், ஆகாது என்கிறவன் வர வேண்டாம் என்றேன். அதை மட்டும் என் பழைய குரலிலேயே சொன்னேன். நீ வைகாசியில் சொன்னதை நான் ஐப்பசியில் செய்திருக்கிறேன். வைத்த குடத்தைச் சாமி ஒன்றும் தட்டிவிடவில்லை. வெயிலுக்கு அந்தப் பங்காளிகளே ஆளுக்கு ஒரு செம்பு வாங்கிக் குடித்தார்கள்.

ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்தால், மருமகளைப் போய்க் கூட்டிட்டு வாங்க என்கிறார்கள். உன் அத்தையும் சொல்கிறாள். தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு நேரே திருப்பூருக்கு வருவோம், கையில் காலில் விழுந்தாவது அழைத்து வருவோம் என்கிறாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். அந்த கேட் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டேன். உன் விஷயத்திலும் அப்படியே நிற்கிறேன். சூர்யாவும் உன்னை வரச் சொல்லி எழுத வேண்டாம் என்றான். கவியரசனை வாரம் ஒரு தடவை பேச விட்டால் போதும் என்று மட்டும் எழுதச் சொன்னான். அதை எழுதிவிட்டேன்.

பானகக் குடத்தை இறக்கிவைத்துவிட்டு உனக்காகக் கருப்பரிடம் ஒன்று கேட்டேன். என் மருமகள் அவள் சொல் எடுபடுகிற வீட்டில் நன்றாக வாழ வேண்டும் என்று கேட்டேன். அது எந்த ஊர், யார் வீடு என்று நான் சாமியிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, தாயி. சொல்லாமல் வந்துவிட்டேன்.

நீயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

உன் மாமா,
பழனிச்சாமி.